மிச்ச நட்டு டப்பாவில் மாத்திரை

"வயிறு சரியானப்புறம் மிச்ச மாத்திரை எதுக்குய்யா?"ன்னு கேட்டீங்களே வெல்டர் மாப்பிள்ளை, பதிலைக் கேக்காம டீ குடிக்கப் போயிட்டீங்களே, நியாயமா? பரவாயில்லை, உங்க காலி நாற்காலிக்கே சொல்றேன். பாதி போல்ட்டை முடுக்கிட்டு பஸ்ஸை ரோட்டுக்கு அனுப்புவீங்களா?

மன்னிக்கணும், மைக்கைப் பிடிச்சதும் வணக்கம் சொல்லாம வம்புல இறங்கிட்டேன்! பணிமனையின் பெருமையே, பல்வலியிலும் பல்லைக் காட்டும் பண்பாளரே, நம்ம சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையிலிருந்து என்னை முறைக்கும் அவர்தம் துணைவியாரே, என் தங்கச்சியே! தாய்மார்களே! கிரீஸ் கையோடு கைதட்டும் தோழர்களே! வணக்கம்!

நம்ம ஷெட்டுல எதையும் எறிய மாட்டோம். நட்டு மிச்சமா? டப்பாவுல போடு! வாஷர் மிச்சமா? டப்பாவுல போடு! வெல்டர் மாப்பிள்ளை தன் வயித்துப்போக்கு மாத்திரையை மிச்சம் பிடிச்சு எங்கே போட்டாரு? ஆமா, சரியாச் சொன்னீங்க, டப்பாவுலதான்! தலைவருக்குப் பல்லு வீங்குச்சு. "வயித்துக் கிருமியா இருந்தா என்ன, பல்லுக் கிருமியா இருந்தா என்ன"ன்னு அதை எடுத்து நாலஞ்சு நாளா முழுங்குறாரு!

அதே மாத்திரையை எனக்கு எழுதினப்போ டாக்டரம்மா, "குடிப்பீங்களா பெரியவரே?"ன்னாங்க. "வாங்கித் தரீங்களா?"ன்னேன். அந்தம்மா சிரிக்கலை. "இதோட சாராயம் சேர்ந்தா குடலே வாய்வழியா எட்டிப் பாக்கும். கோர்ஸ் முடிஞ்சும் மூணு நாள் தொடாதீங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க என்னைக் கேக்காம இதைத் தொடவே கூடாது, ரத்தம் நிக்காம ஒழுகும்"னாங்க.

யாரங்கே சிரிக்கிறது? நம்ம தலைவரு இதய வால்வு மாத்தினவரு. அந்த ரத்த மாத்திரையைத் தினமும் போடுறவரு. காலையிலேருந்து கைக்குட்டையால வாயைத் துடைக்கிறாரே, அதுல என்ன சிவப்பு? லிப்ஸ்டிக்கா? தங்கச்சி, நீங்க போடுற வழக்கமில்லையே!

என்ன தலைவரே, "உக்காருய்யா"வா? உக்கார மாட்டேன்! முதல்ல உங்க காதுலதான் சொன்னேன், "போய்யா கிழவா"ன்னீங்க. அதான் மைக்குல சொல்றேன். எஞ்சின்ல எண்ணெய் ஒழுகினா ஓரங்கட்டுறோமே, ஈறுல ரத்தம் ஒழுகினா ஓட்டிக்கிட்டே இருப்போமா?

ஆகா, தங்கச்சி எந்திரிச்சாச்சு! கையைப் பிடிச்சாச்சு! ரெண்டு மாத்திரை அட்டையையும் எடுத்துக்கங்கம்மா, நேரா ஆஸ்பத்திரிக்கு, இப்பவே! டிரைவர் தம்பி, வண்டியை எடு! தலைவரே, மேடைப் படி இருக்கு, பாத்து இறங்குங்க!

நான் இன்னும் பாதிகூடப் பேசலை, அதுக்குள்ள போறாரு பாருங்க! என் பேச்சைப் பாதியில விட்டுட்டு எத்தனையோ பேரு எந்திரிச்சுப் போயிருக்காங்க. போறவருக்காக நான் கைதட்டுறது இன்னைக்குத்தான். தட்டுங்க தோழர்களே! இன்னும் பலமா! நன்றி, வணக்கம்!