மாத்திரை ஜன்னலில் ஜெயராமன் சொன்னது
(செஞ்சி, 30-6-1966. பணி ஓய்வு பெறும் கம்பவுண்டர் திரு. ஜெயராமன் அவர்களுக்கு ஆஸ்பத்திரி ஊழியர்கள் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்)

பெருமதிப்பிற்குரிய ஐயா,

காலை ஏழு மணிக்கு வருகிறீர்கள். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்திப் பூட்டுகிறீர்கள். சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவுகிறீர்கள். ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தொட்டி நீரை முப்பத்தேழு டிகிரிக்குக் கொண்டுவருகிறீர்கள். ரத்தம் உறையும் சோதனைக்காக, முயல் மூளையை உலர்த்தி நீங்களே அரைத்த பொடியைக் கரைத்து வைக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமையானால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்களுடைய ரத்தத்தைக் குழாயில் விட்டுச் சாய்த்துப் பார்த்து, உறைய எத்தனை விநாடி ஆனது என்று நீள நோட்டில் எழுதுகிறீர்கள். எட்டு மணிக்கு மாத்திரை ஜன்னலைத் திறக்கிறீர்கள்.

நாளை அந்த ஜன்னலை வேறொருவர் திறப்பார்.

அளவு பிசகாத கைக்கு உரியவரே, முப்பத்தோராண்டுகளில் ஒரு நாளும் சொல்லாமல் விடுப்பு எடுக்காதவரே, உங்கள் பெருமைகளில் முதலாவது அந்த நீள நோட்டு. இடப்பக்கம் பழைய மாத்திரை, ஃபெனின்டயோன், பதினோரு பேர். வலப்பக்கம் புது மாத்திரை, வார்ஃபரின், ஏழு பேர். யாருக்கு எத்தனை விநாடி, யாருக்குத் தடிப்பு, மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் முருங்கைக்கீரையை யார் தின்றுவிட்டு வந்தார், எல்லாம் அதில் இருக்கிறது. பெரிய ஊர் டாக்டர்கள்கூட அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

காலில் ரத்தம் கட்டி வந்த வல்லத்துப் பெரியதம்பி ஒருமுறை உங்களைக் கேட்டார். "ரெண்டுல எதுய்யா ஒசத்தி?"

"இன்னாய்யா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கேக்குற" என்றீர்கள். "பழசு சீக்கிரம் ஏறும், சீக்கிரம் எறங்கும். புதுசு மெதுவா ஏறும், நிறுத்தினாலும் நாலு நாளு ஒடம்புல நிக்கும். ஒனக்கு எது ஒத்துக்குதோ அதான் ஒசத்தி. ரெண்டுமே கத்திதான். புடிய விட்டுடாத."

பெரியதம்பி இன்று நடந்தே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்தது ரஞ்சிதம். நம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பி.ஏ. படித்த ஆரோக்கியநாதனின் மனைவி. வயது இருபத்து நான்கு. சிறு வயதில் வந்த காய்ச்சலில் இதய வால்வு சுருங்கியவள். ஒரு காலை அவளது வலக்கை அரை நாள் செயலற்றுப் போனது. இதயத்தில் கட்டும் ரத்தம் மறுபடி மூளைக்குப் போகாமலிருக்க டாக்டர் பழைய மாத்திரையைக் கொடுத்தார். முதல் வாரமே அவள் பயந்து ஓடி வந்தாள். சிறுநீர் சிவந்து போகிறது என்றாள். நீங்கள் சோதித்துப் பார்த்துச் சிரித்தீர்கள். "அது ரத்தம் இல்லம்மா. மாத்திரையோட சாயம். பயப்படாத."

அவள் பயப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் நன்றாக இருந்தாள்.

பிறகு உடம்பெல்லாம் தடிப்பு வந்தது. டாக்டர் புது மாத்திரைக்கு மாற்றினார். போன ஆண்டு ஆடி அமாவாசைக்கு முதல் நாள் அது. மேல்மலையனூர் பஸ்ஸுக்கு வந்த கூட்டத்தில் பாதி நம் வாசலில் நின்றது. மாத்திரையை வாங்கிப் போக ஆரோக்கியநாதன் ஜன்னலுக்கு வந்தார்.

ரஞ்சிதம் இறந்து பத்து மாதமாகிறது. பத்து மாதமாக நீங்கள் எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிவருகிறீர்கள். "நான் சொல்லியிருக்கணும். சொன்னனா இல்லியான்னே தெரியல." இந்த விழாவுக்கு அழைக்க வந்த நர்ஸ் ரத்தினம்மாளிடம், "ஒரு பொண்ணக் கொன்னவனுக்கு மாலை எதுக்கும்மா" என்றீர்கள்.

ஐயா, நீங்கள் சொன்னீர்கள்.

அன்று ஜன்னலில் பொட்டலத்தைக் கொடுக்கும்போது ஆரோக்கியநாதனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். "இன்னா பி.ஏ., காது இங்க இருக்குதா? இது புது மாத்திரை. இதுல சாயம் கெடையாது. சிவப்பா போனா அது ரத்தந்தான். ஒடனே இட்டுக்குனு வந்துடணும். வூட்டுல சொல்லிடு." ஆரோக்கியநாதன் தலையாட்டினார். அவருக்குப் பின்னால் மூன்று பேர் சீட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் பொட்டலத்தை அலமாரியில் வைத்தார். "தெனம் ஒண்ணு" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது வாரம் ரஞ்சிதம், "மறுபடியும் செவப்பா போவுதுங்க" என்றாள். அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "மாத்திரை சாயம். ஐயாதான் சொல்லியிருக்காரே" என்றார். அதை நம்பி அவள் மேலும் மூன்று நாள் மாத்திரையைச் சாப்பிட்டாள்.

நான்காம் நாள் காலை அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழாயைச் சாய்த்துக்கொண்டே இருந்தீர்கள். ரத்தம் உறையவில்லை. ஊசி போட்டார்கள். எத்தனை நாளாகச் சிவந்து போகிறது என்று கேட்டீர்கள். நாலு நாளா என்றாள் ரஞ்சிதம். உங்கள் முகம் மாறியது. "இதுல சாயம் இல்லியேம்மா. நான் சொல்லலியா?"

ஆரோக்கியநாதன் கட்டிலின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. அன்றும் திறக்கவில்லை, அதன் பிறகு பத்து மாதமும் திறக்கவில்லை. நீங்கள் தினமும் அவரது மேசையைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போனீர்கள். அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படித்தவர் என்று இந்த மடலை எழுதும் வேலையை அவரிடமே கொடுத்தோம். ரஞ்சிதத்தைப் பற்றி ஒன்றும் எழுதாமல் நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னோம். அவர் இதை எழுதிக்கொண்டு வந்தார். ரத்தினம்மாள் இரண்டாம் முறை படித்துவிட்டு முதல் ஆளாகக் கையெழுத்திட்டார். பிறகு மற்றவர்களும் இட்டோம். இப்போது வாசித்துக்கொண்டிருப்பவரும் அவரே.

இதைச் சட்டம் போட்டு உங்கள் கையில் கொடுக்கிறோம். வருகிறவர்கள் படிக்கும்படி கூடத்தில் மாட்டுங்கள். உங்கள் கை தவறவில்லை, உங்கள் வாயும் தவறவில்லை. தூக்கம் திரும்பி, உடல் தேறி, பேரப்பிள்ளைகளின் நடுவே நெடுங்காலம் நலமாக இருங்கள். மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி வேண்டும் ஊழியர்கள் பத்தொன்பது பேரின் கையொப்பமும் கீழே இருக்கிறது.

அதற்கு மேலே இன்னும் ஒன்றை ஆரோக்கியநாதன் எழுதியிருக்கிறார். அன்று மேல்சிகிச்சைக்காக விழுப்புரத்துக்குக் கார் போய்க்கொண்டிருந்தது. ரஞ்சிதத்தின் தலை அவர் மடியில் இருந்தது. உங்கள் பேரில் தப்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்போதாவது அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் கண்ணைத் திறந்து பேசினாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

"கம்பவுண்டர் ஐயாகிட்ட சண்டைக்குப் போவாதீங்க. மறந்துட்டிருப்பாரு. எத்தினி பேருக்குத்தான் சொல்லுவாரு."