உள்ளங்காலில் இருந்த புள்ளிகள்

கியா பார்ம் மலைச்சாலை ஏற்றத்தில் லோரி நின்றுவிட்டது. ஞாயிறு. பகல் பன்னிரண்டு ஐம்பது. பள்ளி விடுமுறை. முன்னால் கார்கள். வளைவு வரை கார்கள். வளைவுக்கு அப்பாலும் கார்கள்.

என் மடியில் மலர் கிடக்கிறாள். என் தங்கை. உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது. பற்கள் அரைபடும் ஓசை கேட்கிறது. எஞ்சின் இரைச்சலை மீறிக் கேட்கிறது.

அவள் கணவன் கணேசன்தான் லோரி ஓட்டுகிறான். கோலா தெர்லா தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றுகிறவன். ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. யாரும் நகரவில்லை. நகர இடமில்லை. பக்கத்துக் காரில் ஒரு குடும்பம் ஸ்ட்ராபெரி தின்றுகொண்டிருந்தது.

"அக்கா, ஒருக்களிச்சுப் பிடிங்க! எச்சில் மூச்சுக்குள்ள போயிடும்!"

பிடித்தேன். வாயோரம் நுரை. என் முழங்கை வரை நனைந்தது.

சாலையோரச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். தமிழ் முஸ்லிம். தொப்பி. இடுப்பில் துண்டு. கண்ணாடி வழியாக உள்ளே ஒரு முறை பார்த்தார். லோரிக்கு முன்னால் ஓடினார்.

"தெப்பி! தெப்பி! ஆள் சாகக் கெடக்குது! ஒதுங்குங்க!"

ஒவ்வொரு காரின் மேலும் அடித்தார். டப், டப், டப். கார்கள் கடைகளுக்கு நடுவே ஏறின. வழி பிறந்தது. பிரிஞ்சாங் இறக்கம் வரும்வரை எங்களுக்கு முன்னால் ஓடினார். பெயர் கேட்கவில்லை. பிறகு தேடிப் போனபோது கடை கைமாறியிருந்தது.

தொடங்கியது அதற்கு முந்தின நாள். சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. நாங்கள் இருவரும் ஒரே தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து வெட்டுகிறவர்கள். லயன் வீடுகள் அடுத்தடுத்து. சமையல் ஒன்றாகத்தான். அன்று கூடையை இறக்கியதும் மலர் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கால் கடுக்குதுக்கா. குளிருது."

இந்த மலையில் யாருக்குத்தான் குளிரவில்லை. காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கணேசன் கேட்டான். நான்தான் சொன்னேன்: "சாதாக் காய்ச்சல்லா. காலையில பாத்துக்கலாம்."

அந்த வாக்கியத்தை எத்தனை முறை திரும்பக் கேட்டிருப்பேன். என் குரலிலேயே கேட்கிறது.

காலையில் தலை வெடிக்கிறது என்றாள். நல்ல வெயில். காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று திரையை விலக்கினேன். அலறினாள். கையால் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூடுக்கா. கண்ணுக்குள்ள குத்துது."

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். மூடினேன். அரையிருட்டில் காலுறை மாட்டிவிட்டேன். பாதம் ஐஸாக இருந்தது. தேய்த்துச் சூடேற்றினேன். பார்க்கவில்லை. தொட்டேன், பார்க்கவில்லை.

பதினோரு மணிக்கு மகளைக் கூப்பிட்டு, "நீ யாரு?" என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை. அம்மா விளையாடுகிறாள் என்று சிரித்தது. அப்போதுதான் கணேசனை லோரியை எடுத்து வரச் சொன்னேன். பன்னிரண்டு பத்துக்கு லோரியில் ஏற்றினோம்.

தானா ராத்தாவில் ஆஸ்பத்திரி. ஒன்று முப்பத்தைந்து. இளம் டாக்டர். தமிழ்ப் பெண். மலரின் தலைக்கு அடியில் கைகொடுத்து மெல்லத் தூக்கினார். கழுத்து மடங்கவில்லை. மரக்கட்டை. முழங்கால்கள் மட்டும் தாமாக மடங்கி மேலே வந்தன. டாக்டர் கைகளைத் திருப்பிப் பார்த்தார். தேயிலைக் கறை ஏறிய உள்ளங்கை. கறுப்பு. அதில் எதுவும் தெரியாது.

"காலுறையைக் கழட்டுங்க."

நான்தான் கழற்றினேன். உள்ளங்கால் முழுவதும் புள்ளிகள். ஊதா நிறம். மை தெளித்தது போல. டாக்டர் ஒரு கண்ணாடித் தம்ளரை வாங்கி அழுத்தினார். சாதாரணத் தடிப்பு என்றால் அழுத்தும்போது மறைய வேண்டும். மறையவில்லை. கண்ணாடிக்குள் அப்படியே நின்றன.

"மூளையைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கு. அதுல கிருமி. ரத்தத்துலயும் ஏறியிருக்கு. சோதனைக்குக் காத்திருக்க முடியாது. மொதல்ல மருந்து."

நரம்பில் ஊசி ஏறியது. ஒன்று நாற்பத்திரண்டு. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிக், டிக். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் தயாரானது. கணேசன் கூடவே ஏறினான். கதவு மூடும்போது மலரின் ஒரு கால் போர்வைக்கு வெளியே இருந்தது. அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

நர்ஸ் வந்தார். கூட இருந்தவர்கள் எல்லாரும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார். எச்சிலில், இருமலில் பரவும். "சிறுநீர் ஆரஞ்சு நிறமாப் போகும். பயந்துடாதீங்க." நான் அவர் முகத்தைப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த குழல்விளக்கு குத்தியது.

கண்ணுக்குள் குத்தியது.

தாடையை நெஞ்சுக்குக் கொண்டுபோனேன். போகவில்லை.

"டாக்டர், எனக்கும் வந்துடுச்சு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அரை மணிக்குள் எனக்கும் ஊசி ஏறியது. பிறகு முதுகை வளைத்துப் படுக்கச் சொன்னார்கள். தண்டுவடத்துக்குப் பக்கத்திலிருந்து நீர் எடுத்தார்கள். தெளிந்த தண்ணீராக வர வேண்டுமாம். குழாயில் சொட்டியது அரிசி களைந்த நீர். கலங்கல்.

ஏழு நாள் ஊசி. மூன்றாம் நாள் தலைவலி விட்டது. அதே நாள் இடது பக்கம் படுத்திருந்த பெண் பேசுவது தெரிந்தது, வலது காதைத் திருப்பும்வரை கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. இடது காது அதன்பிறகு கேட்கவேயில்லை.

மலர் திங்கள் காலை ஆறு இருபதுக்கு ஈப்போவில் இறந்தாள். எனக்குப் புதன்கிழமைதான் சொன்னார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கணேசன் கட்டிலருகே நின்றான்.

"ஈப்போ டாக்டர் சொன்னாருக்கா, ராத்திரியே வந்திருந்தா…"

முடிக்கவில்லை. இன்றுவரை முடிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

அதே டாக்டர், அதே மருந்து. அவளுக்கு ஏறும்போது இருபது மணி நேரம் கடந்திருந்தது. எனக்கு அரை மணி. வேறு வித்தியாசம் இல்லை. அவள் வலியைப் பார்த்ததால்தான் என் வலி எனக்குத் தெரிந்தது. இதைச் சொல்லிவிட்டு உயிரோடு இருக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இப்போது எங்கள் லயனில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் நான் போய் நிற்கிறேன். கழுத்தைக் குனியச் சொல்கிறேன். விளக்கைப் போடுகிறேன். காலைத் தூக்கிப் பார்க்கிறேன். பைத்தியம் என்கிறார்கள் சிலர். குழந்தைகள் என்னைக் கண்டால் தாமாகவே காலை நீட்டுகின்றன.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை சாப்பிட்டவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் இருக்கிறார்கள்.

போனவை: என் இடது காது. மலரின் மகள் மூன்றாம் வகுப்பில் விட்ட அரை ஆண்டு. கணேசனின் வேலை; அந்தச் சாலையில் லோரி ஓட்டுவதையே விட்டுவிட்டான்.

போனவர்: ஒருவர். மலர்க்கொடி. வயது முப்பத்து நான்கு. என்னை அக்கா என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான், கூடப் பிறந்தவர்களில்.