விரலை எடுத்தால் வெடிக்கும்

எங்கள் கிளப்பில் போடும் காப்பியை வாயில் வைக்க முடியாது. ஆனாலும் ஞாயிறு வந்தால் கோப்பை கோப்பையாகக் குடிப்போம். நெப்ராஸ்காவின் சோளக் காட்டுக்கு நடுவே வேறென்ன பொழுதுபோக்கு, ஷெரிப் அம்மா? எந்திரம் வீசிப் பறக்கிற களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடுவோம், பிளம் வைத்த கொலாச்சி ரொட்டி தின்போம், வீட்டுக்குப் போவோம். சந்தோஷமான கூட்டம்.

அதில் பாதி சந்தோஷம் லாவர்ன் தந்தது. என் மனைவி ஆர்லீட்டாவின் தம்பி. அவன் இருக்கும் இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே வராது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு கோளாறு உண்டு. காலமெல்லாம் துப்பாக்கி தோளில் உதைத்த உதையில், தட்டு பறந்ததும் விரல் விசையை அழுத்த மறுக்கும். உடம்பு மட்டும் கோழி கொத்துவதுபோல் முன்னால் வெட்டிக்கொள்ளும். வயதானவர்கள் பலருக்கு வருவதுதான். லாவர்ன் அதை அப்படியே நடித்துக் காட்டுவான். கல்யாண வீடுகளில் காட்டினான். ஆர்லீட்டாவை அடக்கம் செய்துவிட்டு வந்து, சர்ச் கூடத்தில் சாப்பிடும்போதும் காட்டினான், கையில் ஹாம் சாண்ட்விச்சோடு. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் நடித்தான்.

துப்பாக்கி என் மாமனாருடையது. முன்கட்டையை இழுத்துத் தள்ளிச் சுடும் பழைய பம்ப் துப்பாக்கி. தட்டு சுடுவதற்கென்றே நீளக் குழல் மாட்டி, கன்னம் பதியும் கட்டையை உயர்த்தி வைத்திருந்தார். இந்த வசந்தத்தில் நான் பட்டறையில் கொடுத்து அதன் விசையை மாற்றினேன். இப்போது அழுத்தினால் வெடிக்காது. அழுத்திய விரலை எடுத்தால்தான் வெடிக்கும். என் போன்றவர்களுக்கு வரப்பிரசாதம். விஷயம் தெரியாதவன் கையில் எமன். அதனால் பட்டறைக்காரர் கட்டையில் ஒரு சிவப்பு எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டி, எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள் என்றும் சொல்லித்தான் கொடுத்தார்.

கிளப்புக்கு அதை முதன்முதலாகக் கொண்டுபோன அன்று காலை, ஆர்லீட்டாவின் தலைமுடி உலர்த்தியால் சூடுகாட்டினேன். ஸ்டிக்கர் பசை மிச்சமில்லாமல் அழகாக உரிந்து வந்தது.

அன்று பறந்த முதல் தட்டுக்கே, விசையை அழுத்தாமல், வேண்டுமென்றே முன்னால் வெட்டிக்கொண்டேன். லாவர்ன் எழுந்து வந்தான்.

“கொண்டா மச்சான். நோவு துப்பாக்கிக்கா, உனக்கான்னு பாத்துருவோம்.”

கொடுத்தேன். தட்டை விடச் சொன்னான். பறந்தது. அழுத்தினான், வெடிக்கவில்லை. துப்பாக்கி மக்கர் செய்தால் அவன் விசையிலிருந்து விரலை எடுக்கமாட்டான். குழல் முனையைத் தன் ஷூவின் மேல் ஊன்றிக்கொண்டு, பெஞ்சுப் பக்கம் திரும்பி ஏதாவது சொல்வான். பல வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அன்றும் அப்படியே ஊன்றிக்கொண்டு திரும்பினான்.

“பாத்தீங்களாடா, இவங்கூட சேந்து இதுக்கும் பயம் வந்துருச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிக்கும்போது அவனுக்குக் கை தளரும்.

ஒரு பாதம் போனால் கொஞ்சம் அடங்குவான் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் எனக்கு ஆசையில்லை. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டது நான்தான். பெல்ட்டைக் கழற்றிக் காலில் கட்டியதும் நான்தான். ஆம்புலன்ஸில் வந்த பெண், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். அவனுக்குப் பேச்சு நின்றிருந்தது. அப்படி எதுவுமில்லை என்றேன். முந்தின நாள் மருந்துக் கடையில் அவனுக்காக நான் வாங்கிய அந்த மாத்திரைகள் என் வண்டியிலேயே இருந்தன.

ஸ்டிக்கரை உரித்தது நான். மாத்திரையைச் சொல்லாததும் நான். மற்றபடி அவன் செத்தது விபத்துதான், ஷெரிப் அம்மா.