பெருவிரல் அசைந்த நாள்

“கழுத்திலை முறிஞ்சிருந்தால் கையும் போயிருக்கும், அம்மா. இது நெஞ்சுக்குக் கீழைதான். முள்ளந்தண்டு நரம்பு முழுக்க அறுந்துபோகேல்லை.”

“அப்ப நடப்பானோ, டாக்குத்தர்?”

“விடாமல் பயிற்சி குடுத்தியளெண்டால் தடியோடையெண்டாலும் நடப்பான்.”

ஐந்து வருடங்களுக்கு முன் ஆஸ்பத்திரி விறாந்தையில் டாக்டரும் நானும் கதைத்தது இவ்வளவுதான். காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த உங்களிடம் இனி மறைத்துப் பயனில்லை, பிள்ளை. தேத்தண்ணீரைக் குடியுங்கள், ஆறிவிடும்.

என் மகன் தில்லைநாதனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆட்டுக்குக் குழை வெட்டப் பூவரசில் ஏறியவன், கிணற்றுக்கட்டில் முதுகு அடிபட விழுந்தான். அன்று அவன் படுக்கையைத் தட்டியபோது ஒரு கடிதம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் பரமலிங்கத்தோடு இயக்கத்துக்குப் போகிறானாம், தேட வேண்டாமாம். வெள்ளிக்கிழமை பரமலிங்கம் தனியாகப் போனான்.

விழுந்து மூன்றாம் மாதம், அவனுக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன்.

“அம்மா, பெருவிரலை ஆட்டுறன், பாருங்கோ. நாளைக்குப் பந்தடிக்கப் போறன், சப்பாத்தை எடுத்து வையுங்கோ.”

விரல் ஆடியது. நிறுத்தச் சொன்னேன். நின்றது.

நரம்பு அறுந்தவர்களுக்கும் கால் தானாக இழுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைத்தான் நானும் சொன்னேன். “அது தானாத் துள்ளுறது, ராசா. உன்ரை நரம்பு முழுக்க அறுந்துபோச்சு.” நம்பிவிட்டான். பிறகு ஆட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டான்.

அடுத்த மாசியில் பரமலிங்கத்தைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். திறக்க விடவில்லை. அவன் தாய் ஞானாம்பிகை முற்றத்தில் விழுந்து கிடந்தாள். நான் வீட்டுக்கு வந்து மகனுக்குச் சோறு போட்டேன். இரண்டாம் முறையும் கேட்டுச் சாப்பிட்டான்.

அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நேரம் தவறாமல் புரட்டிவிட்டேன். படுக்கைப்புண் ஒன்றுகூட இல்லை, நீங்களே பார்த்தீர்கள். முழங்கால்கள் மடங்கி இறுகுவது தெரிந்தது. ஒருநாளும் நீட்டிவிடவில்லை.

இந்தத் தையில் சண்டை நின்றது. இனி நடக்கட்டும் என்றுதான் உங்களைக் கூப்பிட்டேன். மூட்டுகள் இறுகி, தசையும் வற்றிவிட்டது, காலம் கடந்துவிட்டது என்கிறீர்கள். இருக்கட்டும். உயிரோடு இருக்கிறான்.

இத்தனை வருடமும் அவன் என்னிடம் ஏதோ கேட்க வாயெடுப்பான். நான் சாப்பாட்டுக் கதையை எடுப்பேன். சற்று முன் நீங்கள் கைகழுவப் போனபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டான்.

“அம்மா, உங்களுக்குப் பாரமெண்டு தெரியும். சுவரோடை சாத்தியெண்டாலும் என்னை ஒருக்கா நிப்பாட்டி விடுறியளோ?”