கையைக் கட்டி நின்ற சாயிரா

பிள்ளைகளே, நேற்று மங்கலம்பேட்டை பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு பெண்கள். பிளாஸ்டிக் பைப் செய்யும் மெஷினில் பயிற்சி முடித்து, அதை ஓட்டிக் காட்டும் பரீட்சையும் முடித்துவிட்டு வருகிறார்கள். முடிவு போனில் வரும், தேறினால்தான் வேலை.

“பரீட்சையில கையக் கட்டிக்கிட்டா நின்ன, சாயிரா?”

“பைப்பு ஒரு பக்கம் மெலிசா வந்துச்சுக்கா. ஒரு போல்ட்ட லேசா திருப்புனேன். சரியாவுதான்னு கொஞ்ச நேரம் நின்னு பாக்க வேணாமா?”

“நான் எல்லா போல்ட்டயும் திருப்பிட்டேன். எது கெடுத்துச்சுன்னே தெரியல.”

“பீங்கான் சூளையில வேல பாத்தவ நான். சூடு ஆறுறதுக்குள்ள அவசரப்பட்டுத் தொறந்தா அத்தனையும் வெடிச்சிரும். அந்தப் பயந்தான்.”

சாயிராவின் போன் அடித்தது.

“நீ எடுத்துக் கேளுக்கா, நான் மாட்டேன்.”

“இப்பவும் கையக் கட்டிக்கிட்டியா?”

அக்கா போனை எடுத்துக் கேட்டாள். பஸ் ரயில்வே கேட்டில் நின்றது.

“திங்கக்கெழம வேலைக்கு வரச் சொல்றாங்க.”

“நம்மளயாக்கா?”

“உன்ன மட்டுந்தாண்டி,” என்று சாயிராவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.