வளைவில் ஒரு விளக்கு

விளக்கை அணைக்க மாட்டேன். இன்னும் எத்தனை விதமாக் கேட்டாலும் அதான் பதில். முதல்ல தொப்பியைப் போடு தம்பி, அட்டகாமா பாலைவன வெயிலு உன் ஐரோப்பா மூக்கை உரிச்சிரும்.

என்னது, நாய்க்கூண்டா? நல்லாப் பாரு. சிலுவை இருக்கு, பூ இருக்கு, தண்ணி பாட்டில் இருக்கு. ரோட்டுல அடிபட்டுச் செத்தவங்க உசுரு தங்கறதுக்கு நாங்க கட்டற வீடு. சிலி பூரா ரோட்டோரம் இருக்கு. மலை மேல தொலைநோக்கி வெச்சுக்கிட்டு நீங்க அண்ணாந்தே கெடந்தா கீழ இருக்கறது எங்க தெரியப் போவுது?

அட, நோட்டீஸ் வேற கொண்டாந்தியா? குடு. சுரங்க யூனியன்ல பாதி ஆயுசு நோட்டீஸ் எழுதுனவன் நான். உன்னுது வழவழப்பா இருக்கு, படிக்கத்தான் ஒண்ணும் இல்ல. என்ன சொல்லுது... தென்சிலுவை நட்சத்திரக் கூட்டத்து உச்சில இருக்கற செவப்பு நட்சத்திரம், காக்ரக்ஸ். சூரியனை விட எண்பது மடங்குக்கு மேல அகலம். சரி. எடை? சூரியனைப் போல ஒன்றரை மடங்கா? அவ்வளவுதானா? மிச்சமெல்லாம் வெறும் ஊதல்! எங்க சுரங்க முதலாளி டான் எவாரிஸ்தோவும் இதே ரகம்தான்யா. சூடாவது உண்டா? அதுவும் சூரியனை விடக் கம்மி. நடுவுல இருந்த எரிபொருள் தீந்து, கெழடு தட்டி, உப்பிப் போயி நிக்குது. இதுக்குப் போயி ஒரு மலை, ஒரு காவல், ராத்திரில சுத்துவட்டாரத்துல வெளிச்சமே கூடாதுன்னு ஒரு சட்டம்!

சிரிக்காத. வெளிச்சம் அங்கேருந்து கெளம்பி எண்பத்தெட்டு வருசம் ஆச்சுன்னு நீதான் அச்சடிச்சிருக்க. அப்ப எங்கப்பன் உப்பு ஆலையில கூலி கேட்டு ஒத வாங்கிட்டிருந்தான். அத்தனை தூரம் தாண்டி வந்தது, என் உள்ளங்கை அகல பல்பைப் பாத்துப் பயந்திருமா?

வேற எடத்துல பளிங்குல கட்டித் தர்றீங்களா? அடப்பாவி, செத்த எடத்தை எப்படிய்யா நகத்துவ? ஆளு வெச்சுப் பிடுங்கிப் பாரு. நான் ரோட்டுல படுத்துருவேன். லாரிக்காரனுங்க அத்தனை பேரும் என் பின்னால வண்டியக் குறுக்க நிறுத்துவானுங்க.

ஆமாமா, உங்க வண்டியே ராத்திரில ஹெட்லைட் போடாமத்தான் மலையேறுது, தெரியும். நட்சத்திரத்துக்காக எம்மாம் பெரிய தியாகம்! அந்தத் தியாகத்தை நாங்களும் பண்ணியாச்சு.

யாருக்கான வீடா? பரவாயில்லையே, கடைசில கேட்டுட்டியே. எர்மெலிண்டாவுக்கு. மேல உங்க சமையக்கட்டுல இருந்தாளே, அவதான். அவ சுட்ட ரொட்டிய நீயும் தின்னிருப்ப. பஸ்ஸை விட்டுட்டு இந்த வளைவுல நடந்து வந்தா. உங்க வண்டி லைட் போடாம வந்துச்சு. நான் பாக்கலியேன்னு அழுதான் ஓட்டுனவன். பொய் சொல்லல அவன். அந்த இருட்டுல எப்படித் தெரியும்? இனிமே இந்த வளைவுல எவனும் பாக்கலன்னு சொல்லக் கூடாது. அதுக்குத்தான் விளக்கு.

எனக்கு என்ன உறவா? மக. ஒரே மக.

சரி, கெளம்பு. வளைவு தாண்டறப்ப அவளுக்கு ஒரு ஹாரன் அடிச்சிட்டுப் போ. எல்லாரும் அடிப்பாங்க.