பூச்சி அண்டாத பெட்டி

உட்காருப்பா. முதலில் கையை நன்றாகத் துடைத்துக்கொள். கடிதத்துக்குப் பூச்சியைவிட ஈரக் கைதான் பெரிய சத்துரு.

பெட்டியைக் கேட்டுத்தானே வந்திருக்கிறாய்? இதோ. அடியில் உன் கொள்ளுத்தாத்தா எழுதியவை, அதன்மேல் தாத்தா, பிறகு உன் அப்பா, மேலே நீ எழுதியவை. எல்லாவற்றையும் பழைய பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒன்றின் ஓரம்கூட மடங்கியிருக்காது. மூத்த மருமகளிடம்தான் பெட்டிச் சாவி இருக்க வேண்டும் என்பது இந்த வீட்டு வழக்கம். உன் அம்மாவுக்குக் கண் போனபிறகு அது இளையவளான என் இடுப்புக்கு வந்தது. அவளுக்குக் கண் போனதே உனக்குத் தெரியாது, இல்லையா? நான் சொல்லவில்லை.

இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது நான் ஒரு பிஸ்கட் டப்பா கொண்டுவந்தேன். அதில் என் அப்பா எனக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. அவர் போய்ச் சேர்ந்தபின் எனக்கென்று இருந்தது அவ்வளவுதான். ஒருநாள் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே வந்தேன்.

"உன் டப்பாவுல பூச்சி இருந்துச்சுடி. நம்ம பெட்டிக்கும் பரவிடும்னு வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன். தண்ணி நல்லா சூடா இருந்துச்சா?" என்றாள் உன் அம்மா.

இருந்தது என்றேன். அன்றைய வயிற்றெரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை.

கடைசியில் இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான் மிச்சம். கல்யாண விஷயத்தில் நீ சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாய். உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது உன் கடிதங்களும் என் வாயும்தான். மதியம் சாப்பாடு ஆனதும் படிக்கச் சொல்வாள். முதலில் 'அன்புள்ள அம்மா'வை மட்டும் விட்டேன். பிறகு, மருந்து சாப்பிடுகிறாயா என்று நீ கேட்டிருந்த வரிகளை. அப்புறம் வாய் பழகிவிட்டது. 'வா என்று ஒரு வரி எழுது, அடுத்த ரயிலில் வந்துவிடுகிறேன்' என்று எழுதியிருந்தாயே, அதை 'உன் முகத்தில் இனி விழிக்க மாட்டேன்' என்று படித்தேன்.

"பழைய கடுதாசியெல்லாம் இப்படி இல்லியேடி?"

"எழுதியிருக்கறதத்தானேக்கா படிக்கறேன். உங்களுக்குத்தான் மறந்துபோச்சு."

பழையவற்றையும் எடுத்துவரச் சொன்னாள். உன் அப்பா எழுதியவற்றையும் அதேபோல் மாற்றித்தான் படித்தேன். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நானே ஊட்டினேன். இப்படி ஒரு ஓரகத்தி யாருக்குக் கிடைப்பாள் என்று தெருவே மெச்சியது.

ஒருநாள் பிடிவாதத்தை விட்டுவிட்டு என்னை எழுதச் சொன்னாள். "தப்பு எம்மேலதான்டா. அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வா. கண்ணு தெரியாட்டி என்ன, உன் முகத்தத் தடவிப் பாத்துக்கறேன்."

சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் எழுதினேன். அதன்பிறகு தபால்காரர் மணி கேட்கும்போதெல்லாம், "வரேன்னு எழுதியிருக்கானா?" என்பாள். இல்லைக்கா என்பேன். கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தாள். எல்லாம் முடிந்தபிறகுதான் உனக்குத் தகவல் அனுப்பினேன்.

அந்தக் கடிதம் இதோ, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. நான் தபாலில் போடவில்லை. ஆனால் பத்திரமாக வைத்திருக்கிறேன், பார். நான் உன் அம்மா மாதிரி இல்லை. அடுத்தவர் கடிதத்தை அழிக்கிற பாவத்தை நான் செய்ததே கிடையாது.

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அழு. மை கரைந்துவிடும்.